ஆர்சனிக் தண்ணீர்: கொதிக்க வைத்தால் போய்விடுமா? நம் வேலூர் போர் தண்ணீரிலும் இருக்குமா?

காந்தி ரோடு லாட்ஜ்காரன் (கேள்வி)

வணக்கம். வேலூரில் சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு நடந்து போகிற தூரத்தில் 18 ரூம் வைத்து லாட்ஜ் நடத்துகிறேன். எங்கள் தெருப் பக்கம் வந்தவர்களுக்குத் தெரியும், கடை போர்டில் தமிழைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். மருந்துக்கடை, மெஸ், டிக்கெட் புக்கிங் எல்லாம் வங்காள எழுத்து. மளிகைக்கடையில் நல்லெண்ணெய் உள்ளே இருக்கும், கடுகெண்ணெய் வாசலிலேயே அடுக்கியிருக்கும். வங்காளத்திலிருந்து வைத்தியத்துக்கு வருகிறவர்கள் இருபது நாள், ஒரு மாதம் தங்குவார்கள். ரூமுக்கு ஒரு அடுப்பும் நாலு பாத்திரமும் வாடகைக்குத் தருவோம், அவர்களே சமைத்துக்கொள்வார்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். 11-ஆம் நம்பர் ரூமில் மேற்கு வங்கத்தின் முர்ஷிதாபாத் மாவட்டத்துக்காரர் ஒருவர் மனைவியோடு தங்கியிருக்கிறார். இது மூன்றாவது தடவை. வயது 54, விவசாயம். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு ராத்திரி ரத்த வாந்தி எடுத்து, ஊரில் பார்த்து, அப்புறம் இங்கே வந்தவர். மண்ணீரல் வீங்கியிருக்கிறது, கல்லீரலுக்குப் போகும் ரத்தக்குழாயில் அழுத்தம் என்று சொன்னார்களாம். மனிதர் ஒரு சொட்டு சாராயம் தொட்டதில்லை. ஊரில் யார் நம்புகிறார்கள்? திருட்டுத்தனமாகக் குடிக்கிறான் என்று பேசிப் பேசி, மகளுக்கு வந்த ஒரு சம்பந்தமே தட்டிப்போயிற்றாம். இங்கே டாக்டர் அவர் கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "வீட்டில் எந்தத் தண்ணீர் குடிக்கிறீர்கள்?" என்றுதான் முதலில் கேட்டிருக்கிறார்.

போன வாரம் கரண்ட் போன நேரத்தில் வராந்தாவில் உட்கார்ந்திருந்தோம். செல்போன் டார்ச்சை அடித்து உள்ளங்கையைக் காட்டினார். கேழ்வரகைத் தூவி அதன் மேல் தோலைப் போர்த்தினது மாதிரி இருந்தது. தொட்டுப் பார்க்கச் சொன்னார், தொட்டேன். ஆணி ஆணியாக, கெட்டியாக. பாதத்திலும் அப்படியே. சட்டையைத் தூக்கி நெஞ்சைக் காட்டினார்: புழுதி மண்ணில் முதல் தூறல் விழுந்தால் புள்ளி புள்ளியாக இருக்குமே, அது மாதிரி கறுப்பும் வெளுப்புமாக. "ஜொல்" என்றார். தண்ணீர். இருபது வருஷம் அடிபம்பில் குடித்த தண்ணீர். அதில் ஆர்சனிக், நம் பாஷையில் பாஷாணம்.

என் கதை இதில் எங்கே வருகிறது என்றால், லாட்ஜ் வாசலில் ஒரு எவர்சில்வர் டிரம் வைத்திருக்கிறேன். விடியற்காலை அஞ்சு மணிக்குப் போர் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற்றி ஊற்றுவோம். மேலே வங்காளத்தில் 'ஃபோட்டானோ ஜொல்' என்று போர்டு, கொதிக்க வைத்த தண்ணீர் என்று அர்த்தம். எனக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட உண்டு, பக்கத்து லாட்ஜில் எல்லாம் கிடையாது. அந்த போர்டைப் பார்த்துத் தாதா (வங்காளத்தில் அண்ணன் என்று அர்த்தம், 11-ஆம் நம்பர்காரரை அப்படித்தான் கூப்பிடுவேன்) சிரித்தார். "எங்கம்மாவும் இப்படித்தான் கொதிக்க வைத்துக் கொடுத்தாள், லாட்ஜ்பாபு" என்றார். எனக்குச் சுருக்கென்றது.

கேட்க வேண்டியவை:

கொதிக்க வைத்தால் ஆர்சனிக் போகாதா? எங்கள் போர் 480 அடி, 2004-இல் போட்டது. காவிரித் தண்ணீர் வருகிற நாளில் சம்ப்பில் அதையும் கலந்துகொள்வோம். இதில் ஆர்சனிக் இருக்குமா, எங்கே கொடுத்துப் பார்ப்பது?

இன்னொன்று. எங்கள் நைனா பேரணாம்பட்டுப் பக்கம் தோல் பதனிடும் ஷாப்பில் 26 வருஷம் சுண்ணாம்புக் குழியில் வேலை பார்த்தார். அவர் உள்ளங்கையும் வெடித்துக் கெட்டிப்பட்டுத்தான் கிடந்தது. கடைசி நாலு வருஷம் ஓயாத இருமல், 2009-இல் போய்விட்டார். தாதாவின் கையைப் பார்த்ததிலிருந்து நைனா கைதான் ஞாபகம் வருகிறது. அதுவும் இதுதானா?

---

சத்துவாச்சாரி 73

அண்ணே, இதுக்கெல்லாம் ரொம்ப யோசிக்காதீங்க. செம்புக் குடத்தில் ராத்திரி பூரா வைத்து, நாலு துளசி போட்டுக் குடித்தால் எந்த விஷமும் முறிந்துவிடும். எங்கள் வீட்டில் அதுதான். எங்க தாத்தா 91 வயசு வரைக்கும் இருந்தார்.

---

பழைய தண்ணி லேப் ஆள் (காட்பாடி)

சத்துவாச்சாரி தம்பி, தாத்தா குடித்த தண்ணீரில் ஆர்சனிக் இல்லை, அவ்வளவுதான். செம்பு சில கிருமிகளைக் கொல்லும். ஆர்சனிக் கிருமி இல்லை, தனிமம். செத்துப்போக அதற்கு உயிர் கிடையாது.

லாட்ஜ்காரரே, 31 வருஷம் தண்ணீர் சோதனை மேசையில் உட்கார்ந்தவன் நான். கொதிக்க வைப்பதிலிருந்து ஆரம்பிக்கிறேன். ரசத்தை அடுப்பில் மறந்துவிட்டால் என்ன ஆகும்? சுண்டிப்போய் உப்புக் கரிக்கும். ஆவியாகப் போவது தண்ணீர்தான், உப்பு சட்டியிலேயே நிற்கும். ஆர்சனிக்கும் அப்படியே. பத்து லிட்டர் எட்டாகச் சுண்டினால், பத்தில் இருந்தது முழுக்க எட்டில் இருக்கும். குளோரின் போட்டாலும், கேண்டில் ஃபில்டர் வைத்தாலும், யு.வி. விளக்கு வைத்தாலும் அது தண்ணீரை விட்டுப் போகாது. பார்த்தாலும் தெரியாது, முகர்ந்தாலும் தெரியாது, ருசியும் மாறாது. அதனால்தான் அந்த அம்மா இருபது வருஷம் கொதிக்க வைத்துக் கொடுத்திருக்கிறார்.

அதற்காக டிரம்மைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். உங்களிடம் தங்குகிறவர்கள் ஆபரேஷன் ஆனவர்கள், கீமோ எடுக்கிறவர்கள். அவர்களுக்கு டைஃபாய்டும் மஞ்சள் காமாலையும் வராமல் கொதிக்க வைத்த தண்ணீர் காப்பாற்றும். வங்காளக் கதையே இந்தக் குழப்பத்தில்தான் தொடங்கியது. வங்கதேசத்தில் 1970-களில் குளத்துத் தண்ணீர் குடித்துக் குழந்தைகள் காலராவிலும் பேதியிலும் செத்துக்கொண்டிருந்தார்கள். யூனிசெஃப் உதவியோடு ஊருக்கு ஊர் அடிபம்பு இறக்கினார்கள். கிருமி இல்லாத தண்ணீர் வந்தது, நல்ல காரியம். ஆர்சனிக் இருக்கிறதா என்று அப்போது யாரும் பார்க்கவில்லை, அது வழக்கத்திலேயே இல்லை. மேற்கு வங்கத்தில் 1983-இல் கல்கத்தா ஸ்கூல் ஆஃப் டிராபிகல் மெடிசினில் கே.சி. சாஹா என்ற தோல் டாக்டர்தான் முதல் நோயாளிகளை அடையாளம் கண்டார். அப்புறம் ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தின் தீபங்கர் சக்ரவர்த்தி ஊர் ஊராகப் போய்த் தண்ணீரும் முடியும் நகமும் சேகரித்தார். வங்கதேசத்தில் உறுதியானது 1993-இல். பிறகு சுமார் 50 லட்சம் அடிபம்புகளைச் சோதித்து, ஆகாததற்குச் சிவப்புப் பெயிண்ட், ஆவதற்குப் பச்சைப் பெயிண்ட் அடித்தார்கள். 2000-இல் ஆலன் ஸ்மித் என்ற ஆய்வாளர் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் எழுதும்போது, மனித வரலாற்றிலேயே ஒரு மக்கள்தொகைக்கு நேர்ந்த மிகப் பெரிய நஞ்சூட்டல் என்றார்.

அங்கே ஏன் வந்தது? யாரும் கொட்டவில்லை, அந்த மண்ணே கொண்டுவந்தது. இமயமலையிலிருந்து கங்கையும் பிரம்மபுத்திராவும் அடித்து வந்த வண்டலில், இரும்புத் துருவோடு ஒட்டிக்கொண்டு ஆர்சனிக் வந்து படிந்தது. பூமிக்கடியில் காற்றுப் புகாத இடத்தில் மட்கிய இலைதழையைத் தின்னும் நுண்ணுயிர்கள் அந்தத் துருவைக் கரைக்கும். துரு கரைந்ததும் ஒட்டியிருந்தது தண்ணீரில் இறங்கிவிடும். அதனால்தான் அங்கே 60 அடி, 200 அடி பம்பில் நிறைய, 500 அடிக்குக் கீழே பெரும்பாலும் குறைவு.

நம் ஊர் அடியில் அந்த வண்டல் இல்லை. பாலாற்று ஓரம் கொஞ்சம் மணல், அதை விட்டால் கருங்கல் பாறை. உங்கள் 480 அடி போர் பாறை வெடிப்பில் நிற்கிற தண்ணீர். ஆகவே அங்கே நடந்தது இங்கேயும் அப்படியே நடக்கும் என்று பயப்பட வேண்டாம். என் மேசைக்கு வேலூர்ப் பக்கத்திலிருந்து வந்த பாட்டில்களில் தகராறு பண்ணியவை வேறு: உப்பு, கடினத்தன்மை, நைட்ரேட், சில இடங்களில் ஃபுளோரைடு, ராணிப்பேட்டைப் பக்கம் குரோமியம். இருந்தாலும் பாறைத் தண்ணீரைப் பார்க்காமல் நல்லது என்றும் சொல்ல மாட்டேன். ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

எப்படிப் பார்ப்பது: குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கொடுக்கலாம், அங்கீகாரம் பெற்ற தனியார் லேபிலும் கொடுக்கலாம். வழக்கமான சோதனைப் பட்டியலில் ஆர்சனிக் வராது, தனியாக எழுதிக் கேளுங்கள். மோட்டாரைப் பத்து நிமிஷம் ஓடவிட்டு, சம்ப்பில் கலப்பதற்கு முன்னால், நேராகப் போர் குழாயிலிருந்து பிடியுங்கள். பழைய கூல்டிரிங்ஸ் பாட்டிலில் பிடித்துக்கொண்டு வராதீர்கள் (எத்தனை பேர்!). லேபிலேயே பாட்டில் தருவார்கள், உள்ளே கொஞ்சம் அமிலம் விட்டிருக்கும், அதைக் கழுவி ஊற்றிவிடாதீர்கள்.

அளவு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம். உலக சுகாதார நிறுவனத்துக்கும் நம் இந்தியத் தரத்துக்கும் அதுதான். எவ்வளவு சின்னது என்றால், 12,000 லிட்டர் டேங்கர் லாரி எட்டில் நிரப்பிய தண்ணீரில் மொத்தமே ஒரு கிராம்.

ரிப்போர்ட்டில் ஆர்சனிக்கோடு நைட்ரேட்டையும் பாருங்கள். லிட்டருக்கு 45 மில்லிகிராம் எல்லை. அதுவும் கொதிக்க வைத்தால் போகாது, சுண்டும். கைக்குழந்தையோடு வருகிறவர்கள் அந்தத் தண்ணீரில் பால் பவுடர் கலக்கினால் குழந்தை நீலம் பாரிக்கிற ஆபத்து உண்டு.

---

கம்மவான்பேட்டை எக்ஸ் சர்வீஸ்

இதைப் படித்துவிட்டு ராத்திரி தூக்கம் வரவில்லை, அதனால் எழுதுகிறேன். எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒருத்தராவது பட்டாளம் என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். நான் எல்லைப் பாதுகாப்புப் படை. 1994 கடைசியிலிருந்து 1998 வரைக்கும் முர்ஷிதாபாத் பார்டர், ஜலங்கிப் பக்கம் போஸ்டிங்.

போஸ்ட்டில் ஒரு அடிபம்பு. குடிக்க, சமைக்க, எல்லாத்துக்கும் அதுதான். அடித்ததும் கண்ணாடி மாதிரி வரும். அரை மணி நேரம் பக்கெட்டில் வைத்தால் மேலே எண்ணெய் படிந்த மாதிரி ஒரு ஏடு, அடியில் துருச் சிவப்பு. டீ போட்டால் கறுத்துப்போகும். எங்களோடு இருந்த ராஜஸ்தான்காரன், "இதில் இரும்புச் சத்து இருக்கு, உடம்புக்கு நல்லது" என்பான். நாங்களும் நம்பிக் குடித்தோம். ஊருக்குள் ரோந்து போகும்போது கையில் ஆணி வந்த பெண்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு பெண்ணுக்குக் குஷ்டம் என்று சொல்லிப் புருஷன் வீட்டில் தனிச் சொம்பு வைத்துவிட்டார்கள். குஷ்டம் இல்லை என்று இப்போதுதான் புரிகிறது. அப்போது அந்த வீட்டுப் பக்கம் நானே போகமாட்டேன். அதை நினைத்தால் இப்போது ஒரு மாதிரி இருக்கிறது.

எனக்கு இப்போது 59. கையில் காலில் ஒன்றும் இல்லை. சர்க்கரை இருக்கிறது, பிரஷர் மாத்திரை போடுகிறேன். பீடி ஒரு நாளைக்கு ஒரு கட்டு, அதற்குமேல் இல்லை. நாலு வருஷம் குடித்த தண்ணீர் 25 வருஷம் கழித்து ஏதாவது செய்யுமா? ரத்தத்தில், சிறுநீரில் ஆர்சனிக் டெஸ்ட் எடுக்கட்டுமா? லாட்ஜ்காரர் ஊர்ப்பக்கம்தானே, வந்தால் எங்கே போகணும் என்று சொல்லுங்கள்.

---

குடியாத்தம் தோல் டாக்டர்

நான் படிக்கும்போது ஒரு வருஷம் கல்கத்தாவில் இருந்தேன், அதனால் இந்தக் கைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். லாட்ஜ்காரர் சொன்ன கேழ்வரகு எங்கள் புத்தக வர்ணனையை விட நன்றாக இருக்கிறது. இனி மாணவர்களுக்கு அதைத்தான் சொல்லப் போகிறேன்.

முதலில் பட்டாளத்து அண்ணனுக்கு. சிறுநீர் டெஸ்ட் உங்களுக்கு இப்போது உதவாது. உள்ளே போன ஆர்சனிக்கைக் கல்லீரல் உருமாற்றும், பெரும்பகுதி சில நாட்களில் சிறுநீரில் போய்விடும். சிறுநீர் காட்டுவது போன வாரக் கணக்கு. முடியும் நகமும் காட்டுவது போன சில மாதக் கணக்கு. 1998 தண்ணீருக்கு ரசீது எதிலும் இருக்காது. விஷம் போய்விட்டாலும் அது இருந்த காலத்தில் செல்லுக்குள் செய்துவிட்டுப் போன வேலை நிற்கும், சிக்கல் அங்கேதான்.

இதற்கு நல்ல சாட்சி சிலி நாட்டின் அண்டோஃபகாஸ்டா நகரம். மழையே பெய்யாத ஊர், எல்லாரும் குடித்தது ஒரே குழாய்த் தண்ணீர். 1958-இல் புதிதாக ஒரு ஆற்றுத் தண்ணீரைத் திருப்பிவிட்டார்கள். அதில் லிட்டருக்குச் சுமார் 0.86 மில்லிகிராம் ஆர்சனிக், இன்றைய எல்லையைப் போல 86 மடங்கு. 1970-இல் சுத்திகரிப்பு நிலையம் வந்து அளவு இறங்கியது. ஆனால் நுரையீரல் புற்றும் சிறுநீர்ப்பைப் புற்றும் ஏறிக்கொண்டே போனது அதற்குப் பிறகுதான். நாற்பது வருஷம் ஆகியும் பழைய நிலைக்கு முழுக்க இறங்கவில்லை. தாய் வயிற்றிலும் சிறுவயதிலும் அந்தத் தண்ணீர் போனவர்கள், இளம் வயதிலேயே நுரையீரல் நோயில் அதிகம் இறந்தார்கள்.

அண்ணன் பயப்படுவதற்காக இதைச் சொல்லவில்லை. உங்கள் போஸ்ட் பம்பில் எவ்வளவு இருந்தது என்று யாருக்கும் தெரியாது, நாலு வருஷம்தான், தோலிலும் ஒன்றும் இல்லை. ஆனால் ஆர்சனிக்கும் புகையும் நுரையீரலில் சேர்ந்தால் கணக்கு கூட்டலாகப் போகாது, அதைவிட வேகமாக ஏறும். ஒரு கட்டு பீடியை 'அதற்குமேல் இல்லை' என்று எழுதியிருக்கிறீர்கள். அதை விடுங்கள், டெஸ்ட்டை விட அதுதான் முக்கியம். சிறுநீரில் வலியே இல்லாமல் ரத்தம் ஒரே ஒரு தடவை தெரிந்தாலும், 'சூடு' என்று சொல்லி மோர் குடித்துவிட்டு இருக்காதீர்கள், அன்றைக்கே காட்டுங்கள். உடம்பில் ஆறாத புண்ணோ செதில் செதிலான தடிப்போ வந்தாலும் அப்படித்தான். சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் ஆர்சனிக்கோடு தொடர்புள்ளவைதான். ஆனால் நம் ஊரில் அவை வர ஆர்சனிக் தேவையே இல்லை, ஆகவே உங்களுக்கு அதனால்தான் வந்தது என்று யாரும் சொல்ல முடியாது.

முர்ஷிதாபாத்காரர் கதையில் கல்லீரல் வருவது பலருக்குத் தெரியாத பக்கம். கல்கத்தாவில் குஹ மஜும்தார் என்ற கல்லீரல் மருத்துவர் இதைப் பல வருஷம் ஆராய்ந்தார். கல்லீரல் சாராயம் குடித்தவருடையதைப் போலச் சுருங்கி முடிச்சு முடிச்சாக ஆகாமல், உள்ளே போகிற ரத்தக்குழாயைச் சுற்றி மட்டும் நார் படியும். ரத்தம் போக வழி இல்லாமல் மண்ணீரல் வீங்கும், உணவுக்குழாயில் ரத்தநாளம் புடைத்து வெடித்தால் ரத்த வாந்தி. குடிக்காத மனிதனுக்குக் குடிகாரப் பட்டம் கிடைப்பது இப்படித்தான். மகள் சம்பந்தம் தட்டிப்போனதற்கு மருந்துச் சீட்டு எழுத முடிந்தால் எழுதியிருப்பேன்.

இன்னும் ஒன்று, கை கால் எரிச்சல், மதமதப்பு. நரம்பு பாதிப்பு. தைவானின் தென்மேற்குக் கடற்கரையில் ஆழக்கிணற்றுத் தண்ணீர் குடித்தவர்களுக்குக் காலில் ரத்த ஓட்டம் நின்று விரல் கறுத்து அழுகியது, 'கருங்கால் நோய்' என்றே பெயர். தோல் மாற்றம் சாதாரணமாக ஐந்து வருஷமாவது குடித்த பிறகுதான் வெளியே தெரியும். வறுமையும் புரதம் குறைந்த சாப்பாடும் இருந்தால் அதே தண்ணீர் அதிகம் பாதிக்கும். ஒரே பம்பில் குடித்த அண்ணன் தம்பியில் ஒருவருக்கு வந்து மற்றவருக்கு வராததும் உண்டு.

மருந்து? முறிக்கிற மருந்து என்று நம்பி ஓட வேண்டாம். நாள்பட்ட பாதிப்புக்கு, ஆர்சனிக்கைப் பிடித்து வெளியேற்றுகிற டி.எம்.எஸ்.ஏ. மாத்திரை கொடுத்து கல்கத்தாவில் செய்த ஒரு சிறு சோதனையில், மருந்தே இல்லாத வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களும் அதே அளவுக்குத்தான் தேறினார்கள். இரண்டு தரப்பும் தேறியதற்குக் காரணம், நல்ல தண்ணீரும் சாப்பாடும். ஆணிக்குச் சாலிசிலிக் அமிலம் கலந்த களிம்பு போட்டால் மெத்தென்று ஆகும், வேலை செய்யலாம். களிம்பு போடுகிற கை, அதே பம்பை மறுபடி அடித்தால் வீண். குளிப்பது, துவைப்பது பிரச்சினை இல்லை, தோல் வழியாக மிகக் கொஞ்சம்தான் போகும். குடிப்பதும் சமைப்பதும்தான். சோறும் பருப்பும் கொதிக்கிற தண்ணீரை அப்படியே குடித்துக்கொள்ளும்.

இப்போது நைனா. கையைப் பார்க்காமல் முடிவு சொல்லக்கூடாது, இருந்தாலும் நீங்கள் எழுதியதை வைத்துச் சொல்கிறேன். சுண்ணாம்புக் குழிக் கை வெடிக்கும், கெட்டிப்படும், வெந்துபோகும். சுண்ணாம்பு தொட்ட இடத்தில்தான் அது இருக்கும். குடிதண்ணீர் ஆர்சனிக் உள்ளிருந்து வருவது, அதனால் இரண்டு உள்ளங்கை, இரண்டு உள்ளங்காலிலும் ஒரே மாதிரி வரும், கூடவே நெஞ்சிலும் முதுகிலும் புள்ளி இருக்கும். நைனாவுக்கு நெஞ்சில் புள்ளி இருந்ததா? அந்தக் காலத்தில் ஆட்டுத்தோலில் மயிர் நீக்கச் சுண்ணாம்போடு மனோசிலை, அதாவது ஆர்சனிக் சல்பைடு, கலப்பது பல நாடுகளில் இருந்த முறைதான். பிறகு அந்த இடத்துக்குச் சோடியம் சல்பைடு வந்துவிட்டது. நைனாவின் குழியில் என்ன போட்டார்கள் என்று கூட வேலை பார்த்தவர்களைக் கேட்டால்தான் தெரியும்.

---

வாலாஜா வாத்தியார்

பழைய லேப் ஆள் ஐயா ஒற்றை வரியில் 'ராணிப்பேட்டைப் பக்கம் குரோமியம்' என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். எங்களுக்கு அதுதான் முழுக் கதை. என் மச்சான் நிலத்துக் கிணற்றில் தண்ணீர் எலுமிச்சம்பழச் சாறு மாதிரி மஞ்சளாக ஊறும், மாடு வாய் வைக்காது. மூடிப்போன ஒரு தொழிற்சாலையின் கழிவு மலை மாதிரிக் கிடக்கிறது, மழைக்கு இறங்குகிறது. 1996-இல் உச்ச நீதிமன்றம் வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் கெடுத்தவனே பணம் கட்ட வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது, சட்டக் கல்லூரியில் இன்றைக்கும் பாடம். எங்கள் கிணறு இன்றைக்கும் மஞ்சள்.

நான் சொல்ல வந்தது வேறு. குரோமியம் மஞ்சளாக வந்து தன்னைக் காட்டிக்கொடுத்தது, அதனால் அந்தத் தண்ணீரை நாங்கள் குடிக்கவில்லை. ஃபுளோரைடு பிள்ளைகள் பல்லில் காவிக்கறையாகத் தெரியும். ஆர்சனிக் எதையும் காட்டாது. லாட்ஜ்காரர் கண்ணை நம்பாமல் லேபுக்குக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஆர்.ஓ. மெஷின் ஆர்சனிக்கை எடுக்குமா, ஐயா?

---

பழைய தண்ணி லேப் ஆள்

எடுக்கும், ஆனால் ஒரு சங்கதி. தண்ணீரில் ஆர்சனிக் இரண்டு வேஷத்தில் இருக்கும். காற்றுப் பட்டது மின்னூட்டத்தோடு இருக்கும், சவ்வு அதைத் தடுத்துவிடும். ஆழத்தில் காற்றுப் படாமல் இருப்பது மின்னூட்டம் இல்லாமல் நழுவி ஓரளவு உள்ளே வந்துவிடும். அதற்கு முன்னால் குளோரின் கொடுத்து வேஷத்தை மாற்ற வேண்டும். ஆகவே ஆர்.ஓ. வைத்தாலும் வெளியே வருகிற தண்ணீரைச் சோதித்தால்தான் நிச்சயம். கழிவுக் குழாயில் போகிற தண்ணீரில் எல்லாமே சுண்டியிருக்கும், அதைப் பிடித்து மாவு ஆட்டாதீர்கள். சிரிக்காதீர்கள், பார்த்திருக்கிறேன்.

---

காந்தி ரோடு லாட்ஜ்காரன்

மூன்று வாரம் ஆகிவிட்டது. ரிப்போர்ட் வந்தது. போர் குழாயில் நேராகப் பிடித்தேன், அமிலப் பாட்டிலைக் கழுவவில்லை ஐயா.

ஆர்சனிக் கண்டறியும் அளவுக்கு இல்லை. ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு அடுத்த வரியைப் பார்த்தால், நைட்ரேட் 62. டி.டி.எஸ்., அதாவது மொத்தக் கரைந்த உப்பு, 1,180. ஃபுளோரைடு 1.2. லேபில் இருந்த பெண், "பக்கத்தில் செப்டிக் டேங்க் எத்தனை அடி?" என்று கேட்டது. எங்கள் தெருவில் லாட்ஜுக்கு லாட்ஜ் செப்டிக் டேங்க்தான், எதை அளப்பது? 62-ஐக் கொதிக்க வைத்து இன்னும் சுண்டக் காய்ச்சி, ஐயா சொன்ன மாதிரியே எத்தனை பாப்பாவின் பால் புட்டிக்கு ஊற்றினேனோ. போன மார்கழியில் அஸ்ஸாமிலிருந்து இதய ஆபரேஷனுக்கு வந்த நாலு மாதக் குழந்தை ஒன்று 6-ஆம் நம்பரில் இருந்தது. அதன் அம்மா தினமும் டிரம்மில்தான் பிடிப்பாள். குழந்தை நல்லபடியாக ஊருக்குப் போய்ச் சேர்ந்தது, போட்டோகூட அனுப்பினார்கள். இருந்தாலும்.

இப்போது டிரம்மில் காவிரித் தண்ணீர் மட்டும் கொதிக்க வைத்து ஊற்றுகிறோம். அது வராத நாளில் ஆர்.ஓ. தண்ணீர். மெஷினுக்கு 38,000 ஆயிற்று, வீட்டில் அதைப் பற்றி இன்னும் பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது. போர் குழாய்க்கு மேல் சிவப்புப் பெயிண்டில் ஒரு கோடு போட்டேன். எழுத்து எதுவும் எழுதவில்லை. வங்காளத்துக்காரர்கள் பார்த்ததும் புரிந்துகொள்கிறார்கள், நம் ஆட்கள்தான் "இன்னா இது, கட்சிக் கலரா?" என்று கேட்கிறார்கள்.

டாக்டர் மேடம், நைனாவுக்கு நெஞ்சில் புள்ளி இல்லை. அம்மாவிடம் கேட்டேன். முதுகு தேய்த்துவிட்டவள், அவளுக்குத் தெரியாதா. காலிலும் இல்லையாம், கைதான். கூட வேலை பார்த்த ஒருத்தர் இன்னும் பேரணாம்பட்டில் இருக்கிறார், கண் தெரியாது. அவரையும் போய்ப் பார்த்தேன். சுண்ணாம்பும் சல்பைடும்தான் போட்டோம், அழுகின முட்டை நாத்தம் அடிக்கும் என்றார். மனோசிலை என்று கேட்டதற்கு, "அது வைத்தியர் வைக்கிறது இல்ல?" என்றார். கிளம்பும்போது என் கையைப் பிடித்துத் தடவிப் பார்த்து, "நீ ஷாப்புக்குப் போகல, நல்லது" என்றார்.

தாதா ஊருக்குப் போய்விட்டார். எண்டோஸ்கோபியில் புடைத்த ரத்தநாளத்துக்கு வளையம் போட்டிருக்கிறார்கள், ஆறு மாதத்தில் மறுபடி வருவார். டாக்டர் மேடம் எழுதியதை எனக்குத் தெரிந்த வங்காளத்தில் சொல்லி, கல்லீரல் கதையை மட்டும் ஒரு தாளில் மெஸ்காரப் பையனை விட்டு எழுத வைத்துக் கொடுத்தேன். அவர் ஊர் டீக்கடையில் ஒட்டுவாராம். ஊரில் அரசாங்கக் குழாய் வந்துவிட்டது, ஆனால் அரை கிலோமீட்டர் நடக்க வேண்டும், மருமகள் முணுமுணுக்கிறாளாம். வீட்டு பம்பின் கைப்பிடியையே கழற்றி இங்கே பையில் கொண்டுவந்திருந்தார். நான் நம்பவில்லை, திறந்து காட்டினார். வேட்டிக்கும் ஸ்கேன் கவருக்கும் நடுவில் ஒரு முழ நீளத்துக்கு இரும்புக் கைப்பிடி.

கம்மவான்பேட்டை அண்ணே, டெஸ்ட் வேண்டாம் என்று மேடம் சொன்ன பிறகும் மனசு கேட்கவில்லை என்று தனியாக மெசேஜ் போட்டிருந்தீர்கள். வாங்க, ஒரு நாள் தோல் டாக்டரையும் நெஞ்சு டாக்டரையும் பார்த்துவிட்டுப் போகலாம். காலை ஏழு மணிக்குள் வந்தால்தான் டோக்கன் கிடைக்கும். பழைய பஸ் ஸ்டாண்டில் இறங்கி போன் பண்ணுங்க, பையனை அனுப்புகிறேன். ரூமில் பீடி பிடிக்க விடமாட்டேன், இப்பவே சொல்லிவிட்டேன்.

---

குடியாத்தம் தோல் டாக்டர்

எப்படியும் சிறுநீர் கொடுக்கத்தான் போகிறார் என்று தெரிகிறது. அப்படியானால் நாலு நாளைக்கு முன்பே மீன், நண்டு, இறால் நிறுத்திவிட்டு வரச் சொல்லுங்கள். கடல் மீனிலும் ஒரு வகை ஆர்சனிக் இருக்கிறது, அது கெடுதல் செய்யாதது, ஆனால் ரிப்போர்ட்டில் எண்ணை ஏற்றிவிடும். உங்கள் தெரு மெஸ் பக்கம் அவரை விடாதீர்கள்.

---

கம்மவான்பேட்டை எக்ஸ் சர்வீஸ்

வியாழக்கிழமை வருகிறேன். ஞாயிறு வஞ்சிர மீன் வாங்கி வைத்தாயிற்று, அதை மட்டும் சாப்பிட்டுவிட்டு நிறுத்துகிறேன். நாலு நாள் சரியாக வருகிறது.